கடைசி நாட்டுக்கான மௌனம்

ஆதரவு வாரம் தொடங்கப்பட்ட மூன்றாம் ஆண்டில், ஒரு நிமிட மௌனத்தின்போது அரசு அரங்கத்துக்குள் ஒரு நாய் குரைத்தது. நாய் அங்கே இல்லை. பல எல்லைகளுக்கு அப்பால், அந்நியர் ஆண்டுகொண்டிருந்த ஒரு நாட்டில், யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நின்று அது குரைத்துக்கொண்டிருந்தது. கேட்டது மட்டும் இங்கே. வாரத்தின் முழுப்பெயர் அரசாணையில் 'பிறர் பிடியில் உள்ள நாடுகளின் விடுதலைக்கான ஆதரவு வாரம்' என்று இருந்தது. அவ்வளவையும் சொல்ல அலுவலகத்தில் யாருக்கும் மூச்சு இல்லாததால் ஆதரவு வாரம் என்றே வழங்கியது. கோடையின் தொடக்கத்தில் அமைச்சர் வந்து உரையாற்றுவார். பிறகு நாடுகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். கடைசியில் தேநீரும் பிஸ்கட்டும் உண்டு. நாடுகள் விடுதலை பெற்றதாகத் தகவல் எதுவும் வரவில்லை என்றாலும் பிஸ்கட்டின் தரம் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்தது.

முதலில் ஒலிபெருக்கிக்காரர்மேல்தான் சந்தேகம் விழுந்தது. அவர் கோபித்துக்கொண்டு எல்லாக் கம்பிகளையும் பிடுங்கிக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார்; அடுத்த நாட்டின் பெயரை வாசித்ததும் ரயில் ஒன்று கூவிக்கொண்டு அரங்கத்தைக் கடந்தது. விசாரணைக் குழு அமைத்தார்கள். ஒலிகள் சம்பந்தப்பட்ட நாடுகளிலிருந்தே வருகின்றன, இதனால் அரசுக்குச் செலவு ஏதுமில்லை என்று குழு எழுதியது. செலவில்லை என்பதைப் படித்ததும் நிதித்துறை உடனே ஒப்புக்கொண்டது. ஆதிக்க நாடு ஒன்றின் தூதரகம் மட்டும், தங்கள் மண்ணில் எழும் சத்தங்கள் தங்கள் உள்நாட்டு விவகாரம், அவற்றைக் கேட்பது தலையீடு என்று கண்டனம் தெரிவித்தது. நாங்கள் கேட்கவில்லை, சும்மாதான் நிற்கிறோம் என்று அமைச்சகம் பதில் போட்டது. அத்தோடு விஷயம் அடங்கியது.

அந்த நாடுகளிலிருந்து தப்பி வந்து இந்நகரத்தில் பிழைத்துக்கொண்டிருந்தவர்கள் அரங்கத்துக்கு வரத் தொடங்கினார்கள். நிற்கிற இடத்தைப் பொறுத்துக் கேட்கிற இடமும் மாறும் என்பதைக் கண்டுபிடித்தவர்கள் அவர்கள்தான். மேடைக்கு அருகே நின்றால் துறைமுகம் கேட்டது, பின்வரிசையில் மலையடிவாரம். ஒரு சமையல்காரர் தன் ஊரைத் தேடித் தேடி, கடைசியில் குடை மாட்டும் இடத்துக்கும் குப்பைக்கூடைக்கும் நடுவே அதைக் கண்டுபிடித்து, ஒவ்வோர் ஆண்டும் அங்கேயே ஒடுங்கி நின்றார். கேட்டவை பெரிய செய்திகள் அல்ல. துணி உதறுவது, கதவு கிறீச்சிடுவது, யாரோ யாரையோ முட்டை விலைக்காகத் திட்டுவது. கேட்டவர்கள் அதற்கே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் கட்டி மேய்த்தவர் அனுசரிப்புப் பிரிவின் அதிகாரி. எதற்கும் 'ஒரு நிமிஷம்' என்று விரலைத் தூக்குவதால் அலுவலகத்தில் அவருக்கு நிமிஷம் சார் என்று பெயர். நல்ல மனிதர், ஆனால் சட்டம் என்றால் சட்டம். தன் அரங்கத்து மௌனத்தைப்போல் மௌனம் வேறெங்கும் இல்லை என்பதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. இருமல் உள்ளவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவார். செருப்பு கிறீச்சிட்டால் கழற்றச் சொல்வார். மௌனத்தில் சத்தம் போட்டவர் அதன்பிறகு அரங்கத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்ற விதி அவர் எழுதியது. நிமிடம் முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு "அமரலாம்" என்பார். அந்த ஒரு செருமலுக்கு மட்டும் விதியில் விலக்கு இருந்தது.

பட்டியலில் கடைசியாக வரும் நாட்டைச் சேர்ந்தவள் பூட்டுக்காரி. சந்தைக்குப் பின்புறத் தெருவில் பூட்டுப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள்; திறக்காத பூட்டைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தே உள்ளே என்ன உடைந்திருக்கிறது என்று சொல்வாள். மூடுபனி கவிந்த ஒரு விடியலில் அவளும் அவள் தங்கையும் எல்லை ஆற்றைக் கடக்கக் கிளம்பினார்கள். படகில் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. தங்கையின் கைக்குழந்தை சிணுங்கியது. மற்றவர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று தங்கை ஒரு வார்த்தையும் பேசாமல் குழந்தையோடு கரையில் இறங்கிக்கொண்டாள். நடு ஆற்றில் படகு கவிழ்ந்தது. துடுப்பைப் பிடித்துக்கொண்டு அக்காள் மட்டும் இந்தப் பக்கம் ஒதுங்கினாள். கடிதம் எழுத வழியில்லை. ஓடிப்போனவர்களின் குடும்பத்திடமிருந்து வீட்டைப் பிடுங்கிக்கொள்வது ஆள்பவர்களின் வழக்கம். கடிதமே சாட்சியாகிவிடும்.

அரங்கத்தில் ஜன்னலோரத் தூணுக்குப் பக்கத்தில் அவள் தங்கையின் வாசல் இருந்தது. முதல் ஆண்டு அவளுக்குக் கேட்டது ஒரு கோழியைத் திட்டும் குரல். அவ்வளவு அக்கறையாகக் கோழியைத் திட்டக்கூடிய ஒரே ஆள் உலகத்தில் தன் தங்கைதான் என்று அவளுக்குத் தெரியும். தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். அடுத்த ஆண்டு தங்கை குழந்தையிடம், "உன் பெரியம்மா ஆத்தோட போயிட்டாடி கண்ணு" என்று உரக்கச் சொன்னாள். அதற்கடுத்த ஆண்டும் அதையே சொன்னாள். பூட்டுக்காரிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. செத்துப்போனவளாக இருப்பது அவளுக்குப் பெரிதல்ல. தன்னை நினைத்துத் தங்கை வருஷக்கணக்காகத் துக்கம் காக்கிறாளே என்பதுதான் தாங்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு நேராக அதிகாரியின் அறைக்குப் போனாள்.

"சார், ஒரே ஒரு வார்த்தை. உயிரோட இருக்கேன்னு மட்டும் சொல்லிக்கிறேன்."

"மௌனத்துல பேசினா அதுக்குப் பேரு மௌனமாம்மா? இன்னிக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லுவீங்க, நாளைக்கு இன்னொருத்தர் கல்யாணப் பத்திரிகையே வாசிப்பார்."

"அவ நான் செத்துட்டேன்னு நெனைச்சுட்டு இருக்கா சார்."

"இங்க பேசினா அங்க கேக்கும்னு யாரு சொன்னது?"

"கேக்காதுன்னு யாரு சொன்னது?"

அவர் விதிப் புத்தகத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினார். விதி இருந்தது. பேசினால் வெளியே போக வேண்டும், திரும்பி வர முடியாது. அங்கே கேட்காவிட்டால் உள்ளதும் போய்விடும். ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் அந்தக் கோழித் திட்டையும் பணயம் வைக்க அவளுக்குத் துணிவு வரவில்லை. பல ஆண்டுகள் உதட்டைக் கடித்துக்கொண்டு தூணருகே நின்றாள். குழந்தை அங்கே பேசக் கற்றுக்கொண்டு, பாடம் ஒப்பித்து, அம்மாவை எதிர்த்துப் பேசும் வயதுக்கும் வந்துவிட்டது.

அப்போதுதான் எரிவாயு ஒப்பந்தம் வந்தது. கடைசி நாட்டை ஆண்டுகொண்டிருந்தவர்கள் குழாய் வழியாக மலிவாக எரிவாயு தர முன்வந்தார்கள்; பதிலுக்கு அந்த ஒரு பெயரை ஆதரவு வாரத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். குளிர்காலம் கடுமையாக இருந்ததால் யாரும் அதிகம் யோசிக்கவில்லை. இந்த ஆண்டோடு நிறுத்திக்கொள்வதாக முடிவானது. நிமிஷம் சாரே சந்தைக்குப் பின்புறத் தெருவுக்கு நடந்துபோய்ச் செய்தியைச் சொல்லிவிட்டு, பழுதில்லாத ஒரு பூட்டைப் பழுதென்று கொடுத்துவிட்டு வந்தார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

கடைசி நாட்டின் பெயர் கடைசி முறையாக வாசிக்கப்பட்டது. எல்லோரும் எழுந்தார்கள். தூணருகே தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. தங்கை ஈரத்துணியை உதறிக்கொண்டே, கோழியைக் கொடிப் பக்கம் விடாதே என்று மகளை ஏவினாள். பூட்டுக்காரி கண்ணை மூடிக்கொண்டு, தெளிவாகப் பேசினாள்.

"அடியே, நான்தான்டி. அக்கா. நான் சாகல. உயிரோடதான் இருக்கேன்."

அரங்கம் திரும்பியது. அமைச்சர் ஒரு கண்ணைத் திறந்தார். நிமிஷம் சார் விரலைத் தூக்கிக்கொண்டு தூணை நோக்கி நடந்தார். அங்கே வாளி ஒன்று விழுந்து உருண்டது.

"அக்கா?"

"நான்தான்டி."

"அப்போ வருஷா வருஷம் இங்க வந்து தொண்டையைச் செருமினது யாரு?"

பூட்டுக்காரி நிமிஷம் சாரைப் பார்த்தாள். "அது இங்க இருக்கற ஒரு சார்."

"அடப்பாவமே! வேவு பாக்குறவன்னு நெனைச்சோம்கா. திடீர்னு காத்துல கூட்டமா நாற்காலி நகரும். அப்புறம் மூச்சுச் சத்தம் மட்டும் வரும், ஒருத்தரும் பேச மாட்டாங்க. கடைசியில ஒரு ஆம்பளை செருமிட்டு 'அமரலாம்'னுவான். ஒளிஞ்சு நின்னு கேக்குறவன்தானே பேசாம இருப்பான்? அந்த நேரம் வந்துட்டா ஊரே வாயைக் கட்டிக்கிட்டு கோழி, துணின்னுதான் பேசும்."

"என்னை ஆத்தோட போயிட்டேன்னு சொன்னியேடி."

"அவனுங்க காதுல விழட்டும்னு சொன்னது. ஓடிப்போனவன்னா வீட்டைப் பிடுங்குவாங்க, செத்தவன்னா விட்டுடுவாங்க. நீ செத்துட்டேன்னு நான் ஒரு நாளும் நெனைக்கலக்கா. நீயா ஆத்துல போறவ? ஆறுதான் பயந்து ஒதுங்கியிருக்கும்."

அரங்கத்தில் யாரோ சிரித்தார்கள். நிமிஷம் சார் சிரிக்கவில்லை. இருமலை விரட்டி, செருப்பைக் கழற்றவைத்து, அவர் இழைத்து இழைத்துச் செய்த மௌனம் அந்த மக்களுக்கு ஒற்றனின் மூச்சாகக் கேட்டிருக்கிறது. நிமிடம் முடிந்துவிட்டது, அவர் செருமிக்கொண்டு அமரலாம் என்று சொல்ல வேண்டும். அமைச்சரின் உதவியாளர் வந்து அவர் கையை இடித்தார். நிமிஷம் சார் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நிமிஷம் இன்னும் முடியல சார்" என்றார் மெதுவாக.

அமைச்சர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அமராமலேயே பின்வாசல் வழியாகப் போனார். அனுசரிப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஒரு நாட்டைப் பட்டியலிலிருந்து நீக்க முடியாது என்று சட்டத்துறை கருத்துத் தெரிவித்தது. பழைய நிமிடமே ஓடிக்கொண்டிருந்ததால் அடுத்த ஆண்டு அந்தப் பெயர் மறுபடி வாசிக்கப்படவில்லை; அதைக் காட்டி எரிவாயுவும் வந்து சேர்ந்தது. எல்லோருக்கும் திருப்தி. மௌனம் நடந்துகொண்டிருக்கும் இடத்தில் யாரும் உட்காரக் கூடாது என்பதால் நாற்காலிகளை அப்புறப்படுத்தினார்கள். காலையில் கதவு திறந்ததும் அந்த நாட்டவர்கள் வந்து அவரவர் இடத்தில் நின்று அவரவர் வீட்டோடு பேசிவிட்டு வேலைக்குப் போனார்கள். சமையல்காரர் குப்பைக்கூடையருகே நின்றபடி தம்பிக்குப் பெண் பார்த்தார். பூட்டுக்காரியும் தங்கையும் முதல் சில மாதங்கள் அழுதார்கள். பிறகு வழக்கம்போலச் சண்டை போட்டார்கள். நிமிஷம் சார் ஓய்வுபெற்ற பிறகும் தினமும் வந்து நின்றார். அந்த நிமிடத்தை முடித்துவைக்கும் அதிகாரம் வேறு யாருக்கும் மாற்றப்படவில்லை. "பேருதான் நிமிஷம், வீட்டுக்கு வர்றது பொழுது சாஞ்சு" என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தாள்.

ஒரு காலை தங்கை, "வண்டி வண்டியா திரும்பிப் போறாங்கக்கா, கொடியைக்கூடச் சுருட்டிக்கிட்டாங்க" என்றாள். வானொலி அதை மறுநாள்தான் சொன்னது. பூட்டுக்காரி கடைச் சாவியைப் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, தூணருகே தன் இடத்தை நிமிஷம் சாரிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டாள். வழியெங்கும் ரயில்கள் தாமதம். அவர் தினமும் தூணருகே நின்று, வந்துட்டாங்களாம்மா என்று கேட்டார். இன்னும் இல்லை சார் என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. அரங்கமே அவரோடு சேர்ந்து காத்திருந்தது. பிறகு ஒரு பிற்பகலில் காலடிச் சத்தம் கேட்டது. படலைத் தள்ளும் சத்தம். உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கை நின்றது. கதவு திறந்தது. நிமிஷம் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அமரலாம்" என்றார். தூணருகே ஒலி அறுந்தது.

"இத்தனை வருஷம் காத்திருந்து, அந்த ஒரு நொடியைக் கேக்க விடலையே சார்!" என்று ஒரு பெண் கோபப்பட்டாள்.

"அது அவங்க வீட்டு விஷயம்மா" என்றார் அவர். நாற்காலி இல்லாததால் எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

ஆதரவு வாரம் இப்போதும் நடக்கிறது. மற்ற நாடுகள் இருக்கின்றனவே. ஒரே ஒரு மாற்றம். பெயரை வாசித்ததும் அமைச்சர் முதல் தேநீர் ஊற்றுபவர் வரை அரங்கத்தில் இருப்பவர்கள் அனைவரும் ஒரே குரலில், "நாங்கதான், பயப்படாதீங்க" என்று சொல்ல வேண்டும் என்று சுற்றறிக்கை இருக்கிறது. அதன்பிறகுதான் மௌனம். சென்ற ஆண்டு முதல் நாட்டின் பெயருக்கு அப்படிச் சொல்லி முடித்ததும், அங்கே எங்கிருந்தோ ஒரு பெண் குரல், "சரி சரி, இருங்க, அடுப்பை அணைச்சுட்டு வர்றேன்" என்றது. எல்லோரும் காத்திருந்தார்கள்.