பரிதோஷ்தா வாயை மூடிக்கொண்ட ஆட்டம்

பரிதோஷ் என்றால் திருப்தி என்று அர்த்தம். பரிதோஷ் லாஹிரிக்கு அந்தப் பெயரை வைத்தபோது அவருடைய அப்பா என்ன நினைத்தாரோ, தெரியாது. மைதானத்தில் பத்தொன்பது வருடம் நான் அந்தப் பரிதோஷ்தாவின், அதாவது பரிதோஷ் அண்ணனின், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாள்கூட மனுஷர் திருப்தியாக வீட்டுக்குப் போனதில்லை.

சித்பூரில் பஞ்சாங்கம் அடிக்கும் அச்சகம் ஒன்றில் அவருக்குப் பிழை திருத்தும் வேலை. காலையிலிருந்து மூன்று மணி வரை திதியிலும் நட்சத்திரத்திலும் பிழை தேடுவார். மூன்று மணிக்கு மேல் எங்கள் பேலியாகாட்டா அருணோதய சங்கத்தின் கால்பந்து ஆட்டத்தில் தேடுவார். அச்சகத்தைவிட இங்கே வேலை அதிகம்.

எங்கள் பிரிவில் பன்னிரண்டு அணிகள். கடைசி இரண்டு கீழே இறங்கிவிடும். நாங்கள் வருடா வருடம் பத்தாவதாக வருவோம். ஒரு வருடம் ஒன்பதாவதாக வந்தபோது கமிட்டி எல்லாருக்கும் ரசகுல்லா கொடுத்தது. எல்லாரும் என்றால் நாற்பது பேர். மழை பெய்தால் இருபத்தைந்து.

பரிதோஷ்தாவின் வசவில் முக்கால் பங்கு ஒரே ஆளுக்குத்தான் போகும். ஹாபுல் சர்தார், எங்கள் ஸ்டாப்பர், அதாவது நடுவில் நின்று தடுக்கிறவன். முப்பத்துநாலு வயது. காலையில் சியால்தா தடத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுவான். மதியம் வண்டியை மச்சானிடம் கொடுத்துவிட்டு வந்து எங்கள் கோலுக்கு முன்னால் நிற்பான். பதினொரு வருடமாக நின்றுகொண்டிருந்தான்.

"ஏய் ஹாபுல்! பந்து போயிடுச்சுடா! இன்னும் ரெண்டு பாசஞ்சர் ஏறட்டும்னு நிக்கிறியா?"

"ஹாபுல்! அது காலா, டிராம் கம்பமா? அசைச்சுப் பாருடா, வேர் விட்டிருக்கப்போகுது!"

ஹாபுல் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அவன் கழுத்தின் பின்பக்கம் மட்டும் சிவக்கும். பரிதோஷ்தா கொள்கையாக அவனுடைய ஆட்டோவில் ஏறவும் மாட்டார். "பிரேக் போட வேண்டிய நேரத்துல போடமாட்டான். நான்தான் தினம் பார்க்கிறேனே" என்பார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த எங்கள் வாழ்க்கையில் அந்த ஜூன் மாதம் புதுச் செயலாளர் வந்து சேர்ந்தார். தபோப்ரத சாஹா. அடுக்குமாடி கட்டி விற்கிறவர், நாற்பது வயதுகூட ஆகவில்லை. பேச்சில் அப்படியொரு பணிவு. ரசிகர்கள் கருத்து சொல்லலாம் என்று கிளப் ஆபீஸாக இருந்த கூடாரத்து வாசலில் பூட்டுப் போட்ட பெட்டி ஒன்றை மாட்டினார். முதல் வாரம் அதில் இரண்டு பஸ் டிக்கெட்டும் ஒரு கடலைத் தோலும் விழுந்தன.

முதல் மூன்று ஆட்டத்தில் இரண்டு தோல்வி, ஒன்று சமம். மூன்றாவது ஆட்டம் முடிந்த ராத்திரி பரிதோஷ்தா உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினார். ஹாபுல் சர்தாரை ஏன் நீக்க வேண்டும் என்பதற்கு இருபத்துமூன்று காரணங்கள். ஒவ்வொன்றுக்கும் தேதி, எதிரணி, எத்தனையாவது நிமிடம், எந்தக் கால். பெட்டியில் போடுவதற்கு முன் எனக்குப் படித்துக் காட்டினார்.

"ஹிரண், எங்கயாவது பிழை இருக்கா?"

"இல்ல பரிதோஷ்தா. ஆனா இதை யாரு படிக்கப்போறா?"

"யாரும் படிக்கமாட்டாங்க. அதுக்காகத் தப்பா எழுத முடியுமா?"

சாஹா படித்துவிட்டார். நாலாம் நாள் பரிதோஷ்தாவைக் கூடாரத்துக்குக் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போனேன்.

"பரிதோஷ் பாபு, இந்தக் கிளப்புல கண்ணைத் திறந்து ஆட்டம் பார்க்கிறவர் நீங்க ஒருத்தர்தான். நீங்க சொன்னபடி ஹாபுலை உட்கார வச்சுட்டேன். மிசோரம்லேர்ந்து ஒரு ஆள் வர்றான்."

பரிதோஷ்தாவின் முகத்தைப் பார்த்தேன். முப்பது வருடமாக மனைவியிடம், அச்சக முதலாளியிடம், டிராம் கண்டக்டரிடம், ரெஃப்ரிகளிடம் அவர் சொன்ன எதையும் யாரும் கேட்டதில்லை. இப்போது ஒருவர் கேட்டுவிட்டார். படி தவறியவர் போல நின்றார்.

"இல்ல... அதாவது... உடனேவா?" என்றார்.

மிசோரம் ஆள் ரின்மாவியா. இருபத்திரண்டு வயது. பந்து எங்கே வரும் என்று பந்துக்கே தெரிவதற்கு முன் அவனுக்குத் தெரிந்தது. அடுத்த ஏழு ஆட்டத்தில் ஆறு வெற்றி, ஒன்று சமம். நாற்பது பேர் நூறானோம், நூறு அறுநூறானது. பேலியாகாட்டாவில் இத்தனை பேர் அருணோதயத்துக்காக உயிரையே வைத்திருந்தது அதுவரை எங்களுக்குத் தெரியவே தெரியாது. சாஹா பரிதோஷ்தாவைக் கூடாரத்துப் பக்கம், தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். நாற்காலிக்கு வெள்ளைத் துண்டு போட்டிருந்தது. "ஹாபுலை அனுப்பினவர் இவர்தான்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் அறிமுகம் செய்தார்.

பரிதோஷ்தா இளைத்துப்போனார். ஒரு தடவை பழக்கதோஷத்தில் ரின்மாவியாவைப் பார்த்துக் கத்தினார். வங்காள மொழி தெரியாத அந்தப் பிள்ளை திரும்பிப் பார்த்துச் சிரித்து, நெஞ்சில் கை வைத்து வணங்கினான்.

"திட்டினா கும்பிடு போடறான்டா. இவனை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று என்னிடம் புலம்பினார்.

வழியில் என்னைப் பார்த்த அவர் மனைவி ரேபா அண்ணி நிறுத்திக் கேட்டாள். "தோத்துட்டு வந்தா சோறு வேணாம்பாரு. அடுத்த வாரம் ஜெயிப்பீங்கன்னு சொல்லி போடுவேன். இப்ப ஜெயிச்சுட்டு வந்தும் சோறு வேணாங்கிறாரு. நான் என்னத்தைச் சொல்லி போடறது?"



ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் நல்ல மழை. சியால்தாவில் முழங்கால் தண்ணீர். வந்தது ஒரே ஆட்டோ. பின்னால் மூன்று பேரில் நான் ஒருவனாக ஏறிவிட்டேன். மீதி இருந்தது டிரைவர் பக்கத்து இடம். பரிதோஷ்தா குடையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் டிரைவரைப் பார்த்தார். ஹாபுல். இறங்கலாம் என்றால் கீழே தண்ணீர்.

வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கிளம்பியது.

"உங்க லெட்டரைப் படிச்சேன்ணே" என்றான் ஹாபுல். "சாஹா பாபுதான் காட்டினாரு. நாலு பக்கம். நல்ல கையெழுத்து."

பரிதோஷ்தா முன்கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரிதான். வாரி கிளப்புக்கு எதிரா வழுக்கி விழுந்தது, செல்ஃப் கோல், எல்லாம் நிஜம். ஆனா பதினாலாவது நம்பர் மட்டும் நான் இல்லண்ணே."

"எது?"

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆகஸ்ட் ஏழாம் தேதி, அறுபத்துமூணாவது நிமிஷம். இடது பக்கம் விட்டுட்டேன்னு எழுதியிருக்கீங்க. அன்னிக்கு நான் ஆடவே இல்ல. கானிங்ல தங்கச்சிக்குக் கல்யாணம். எனக்குப் பதிலா கோபா ஆடினான்."

"இருக்காது."

"தங்கச்சி கல்யாணத்தை நான் மறப்பேனாண்ணே?"

பரிதோஷ்தா அன்று ராத்திரி பழைய பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தார். ஆகஸ்ட் ஏழு, கல்யாணத்துக்கு உகந்த நாள், லக்னம் சாயங்காலம். அந்தப் பக்கத்தைப் பிழை பார்த்ததே அவர்தான். அப்புறம் தன் ஆட்டக் குறிப்பு நோட்டைப் புரட்டினார். "மழை. ஒன்றும் தெரியவில்லை. ஹாபுல் படுமோசம்" என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. களத்தில் இல்லாத ஒருவனைத் தொண்ணூறு நிமிடம் திட்டித் தீர்த்திருக்கிறார்.

மறுநாள் 'திருத்தம்' என்று தலைப்புப் போட்டு இன்னொரு கடிதம் எழுதிச் சாஹாவிடம் நேரிலேயே கொடுத்தார். சாஹா சிரித்தார்.

"இருபத்துமூணுல ஒண்ணுதானே பரிதோஷ் பாபு? விடுங்க."

"ஒரு பிழை இருக்கற பஞ்சாங்கத்தை நம்பி எவன் சார் கல்யாணம் வைப்பான்? அந்தப் பையனைத் திரும்ப எடுங்க."

"நாம ஜெயிச்சுக்கிட்டு இருக்கோம்."

"அதுதான் சார் கஷ்டமா இருக்கு" என்றார் பரிதோஷ்தா. சாஹாவுக்குப் புரியவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார்.

கடைசி ஆட்டம் கிதிர்பூர் அணியோடு. சமம் செய்தால் போதும், இரண்டாம் இடம், மேல் பிரிவு. கிளப்பின் அறுபத்தெட்டு வருடத்தில் நடக்காத காரியம். ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் ரின்மாவியாவுக்கு டெங்கு. சாஹாவுக்கு வேறு வழி இல்லை, ஹாபுலுக்கு ஆள் அனுப்பினார். அவன் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு வந்தான்.

பரிதோஷ்தா துண்டு போட்ட நாற்காலியை விட்டு, என் பக்கத்தில் பழைய மரப்பலகைக்கு வந்து உட்கார்ந்தார். இரண்டு பக்கக் கன்னத்திலும் வெற்றிலை. பையில் இன்னும் ஆறு.

"என்ன பரிதோஷ்தா இது?"

அவர் வாயைக் காட்டி, கையை விரித்தார். பேசப்போவதில்லை என்று அர்த்தம். பதினாலாம் நம்பர் பிழைக்கு அதுதான் அவர் கட்டின அபராதம்.

அந்த முதல் பாதியில் ஹாபுல் ஆடினதை நான் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தலையால் தள்ளினான், நெஞ்சால் நிறுத்தினான். ஒரு பந்தைக் கோட்டின் மேலிருந்து எடுத்தான். அறுநூறு பேரும் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். பரிதோஷ்தா மட்டும் மென்றுகொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர். சுண்ணாம்பு அதிகமாகிவிட்டது என்று பிறகு சொன்னார்.

இடைவேளையில் ஹாபுல் கம்பி வேலிக்கு வந்தான்.

"அண்ணே, உடம்பு சரியில்லையா?"

பரிதோஷ்தா இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அப்புறம் ஏன் சத்தமே காணோம்? இத்தனை பேரு கத்தறாங்க, எனக்கு ஒண்ணுமே கேக்கலண்ணே. பதினொரு வருஷமா அந்த ஒரு சத்தத்துலதான் ஆடியிருக்கேன். நீங்க இல்லேன்னா வேற ஏதோ ஊர்ல ஆடற மாதிரி இருக்கு. கொஞ்சம் திட்டுங்கண்ணே."

பரிதோஷ்தா வேலிக்கு முதுகைத் திருப்பி வெற்றிலையைத் துப்பினார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"போடா எருமை. போய் ஒழுங்கா நில்லு" என்றார்.

ஹாபுல் சிரித்துக்கொண்டே ஓடினான்.

இரண்டாம் பாதியில் பழையபடி எல்லாம் நடந்தது. டிராம் கம்பம் வந்தது, பாசஞ்சர் வந்தது, ஹாபுலின் மாமனார்கூட வசவில் ஒரு தடவை வந்துபோனார். ஹாபுலின் கழுத்து சிவந்தது. ஆட்டம் சமத்திலேயே நின்றது. எண்பத்தோராவது நிமிடத்தில் கிதிர்பூரின் முன்வரிசைக்காரன் எல்லாரையும் ஏமாற்றிவிட்டுத் தனியாக வந்தான். ஹாபுல் ஓடினான், சறுக்கினான், சேற்றை இரண்டு பக்கமும் வாரி இறைத்துக்கொண்டு போய், ஆளைத் தொடாமல் பந்தை மட்டும் எடுத்துக் கோட்டுக்கு வெளியே தள்ளினான். அவ்வளவு அழகான ஒன்றை எங்கள் மைதானம் அதற்கு முன் பார்த்ததில்லை.

பரிதோஷ்தா பலகை மேல் ஏறி நின்றார். தன்னை மறந்து கத்தினார்.

"சபாஷ் ஹாபுல்! சபாஷ்டா என் ராஜா!"

ஹாபுல் திரும்பிப் பார்த்தான்.

பதினொரு வருடத்தில் முதல் தடவை. வாயைப் பிளந்துகொண்டு, யார் கத்தினது என்று மரப்பலகைப் பக்கம் பார்த்தான். அதற்குள் கிதிர்பூர்க்காரன் கோட்டோரத்திலிருந்து பந்தைக் கையால் உள்ளே எறிந்துவிட்டான். அது ஹாபுலின் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. அங்கே நின்ற இன்னொரு கிதிர்பூர்க்காரன் மெதுவாக, ஓரமாக, கோலுக்குள் தட்டிவிட்டான்.

ஒன்றுக்குப் பூஜ்யம். அப்படியே முடிந்தது.

மூன்றாம் இடம். கிளப்பின் சரித்திரத்தில் அவ்வளவு உயரம் நாங்கள் போனதே இல்லை. அறுநூறு பேரும் அதைக் கேவலம் என்றார்கள். செருப்பு பறந்தது. சாஹாவின் கார் ஆட்டம் முடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டது. அன்று வீட்டுக்குப் போன பரிதோஷ்தா, அண்ணி போட்ட சோற்றைத் தின்று, மறுசோறும் கேட்டாராம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடாரத்தில் கூட்டம். சாஹா வந்திருந்தார், பணிவு மட்டும் வரவில்லை. ஹாபுல் பின்னால் நின்றான். ஒருவர் பின் ஒருவராக எழுந்து அவன் பெயரைச் சொல்லி முடித்த பிறகு பரிதோஷ்தா எழுந்தார்.

"அந்த கோல் அவன் மேல வராது. நான் கத்தினேன், அவன் திரும்பினான். தப்பு என்னோடது. எழுதிக்குங்க."

குறிப்பு எழுதும் நிமாய்பாபு பேனாவை எடுத்தார். அதற்குள் ஹாபுல் நாற்காலிகளை ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டான். அவனுக்கு அத்தனை கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

"அது எப்படிண்ணே உங்களோடது ஆகும்? களத்துல நின்னது நானு. விட்டது நானு. பலகையில உக்காந்துக்கிட்டு வெத்தல மென்னவருக்கு அதுல என்ன பங்கு?"

"நான் கத்தலேன்னா நீ திரும்பியிருப்பியாடா?"

"ஆயிரம் பேரு கத்துவாங்க. திரும்பினது என் கழுத்துதானே?"

"களத்துல இல்லாத அன்னிக்கு உன் தலையில ஒண்ணைப் போட்டேன். அதை எங்கயாவது நேர் பண்ண வேண்டாமா?"

"அதுக்கு இதா? ரெண்டும் வேற வேற கணக்குண்ணே. கோபாவோடதை கோபாகிட்ட குடுங்க, என்னோடதை எங்கிட்ட விடுங்க."

நிமாய்பாபு யார் பெயரை எழுதுவது என்று சாஹாவைப் பார்த்தார். சாஹா கைபேசியைப் பார்த்துக்கொண்டே எழுந்து வெளியே போனார், திரும்பி வரவில்லை. பூஜைப் பண்டிகைக்குள் அவர் பெரிய கிளப் ஒன்றுக்குப் போய்விட்டார் என்றும், டெங்கு குணமான ரின்மாவியாவையும் கூட்டிக்கொண்டு போனார் என்றும் கேள்விப்பட்டோம். அவர் போனதும் கமிட்டி வேறு ஸ்டாப்பர் கிடைக்காமல் ஹாபுலுக்கு இன்னொரு வருடம் கையெழுத்து வாங்கியது.

அதெல்லாம் பிறகு. அன்று கூட்டம் தானாகவே கலைந்தது. நான் போய் மூன்று டீயும் ஒரு பொட்டலம் பொரியும் வாங்கிக்கொண்டு வந்தேன். கூடாரத்தில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். மேஜை மேல் காலி டம்ளர்களைப் பரப்பியிருந்தார்கள். மைக்கூட்டு மூடிதான் பந்து.

"நீ இங்க நின்ன" என்று பரிதோஷ்தா ஒரு டம்ளரை இரண்டு விரல் இடது பக்கம் நகர்த்தினார்.

"இங்க" என்று ஹாபுல் அதைப் பழைய இடத்திலேயே வைத்தான்.