கிரஷர் ஓடாத வாரம்

மறியல் தொடங்கிய நான்காம் நாள் காலை, முனியன் ஒரு வாக்கியத்தை நடுவில் நிற்காமல் முழுதாகச் சொன்னான்.

“ஏ மே, ஜெயம்மா ஆடு நம்ம முருங்கைய மேஞ்சிக்கினு கீது, இன்னா பாத்துக்கினு குந்திக்கினு கீற, தொரத்து.”

அடுப்பு ஊதிக்கொண்டிருந்த சாலம்மாள் திரும்பிப் பார்த்தாள். ஆட்டை அல்ல, புருஷனை. இரண்டு வருஷமாக அவன் சேர்ந்தாற்போல மூன்று சொல்லுக்கு மேல் பேசியதில்லை. மூன்று சொல், ஒரு இருமல், பிறகு இன்னும் இரண்டு சொல். பாதியில் நின்றதை அவளே முடித்துவைத்துப் பழகியிருந்தாள். ஆடு பாட்டுக்கு முருங்கைக் கன்றைத் தின்றுகொண்டிருக்க, “இன்னொரு வாட்டி சொல்லு மாமா” என்றாள்.

அந்தப் புரட்டாசியில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலைமறியல் நடந்தது. சாலையோர மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ் இல்லை, டீசல் இல்லை, ஜல்லி ஏற்ற லாரியும் இல்லை. கல்வராயன் மலையடிவாரத்தில் அவர்கள் இருவரும் வேலை செய்த கிரஷர் நின்றுபோயிருந்தது. முனியன் அதன் வாயில் கல் போடுகிறவன். உடைந்து விழும் ஜல்லியைக் கூடையில் சுமந்துபோய்க் கொட்டுகிறவள் சாலம்மாள். வேலையில்லாத அந்த நாட்களில் கூழுக்கே பாடாக இருந்தது. போலீஸ் வருமென்று பேச்சு வேறு. ஆனால் இரவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிற மனுஷன் இரண்டாம் நாள் பாயில் படுத்தான். மூன்றாம் நாள் இன்னொரு வாய் கூழ் கேட்டான்.

ஐந்தாம் நாள் அவனை உட்காரவைத்துச் சீயக்காய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினாள். முதல் சொம்புத் தண்ணீர் அரிசி கழுவியதுபோல வெள்ளையாக ஓடியது. இரண்டாவதும் அப்படியே. நான்காவது சொம்பில்தான் மயிர் கறுப்பாகத் தெரிந்தது. முப்பத்தைந்து வயதுக்குள் நரைத்துப்போய்விட்டானே என்று மனசுக்குள் அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே ஊற்றிக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று கை நின்றது. தலைமயிரில் படிந்தது தண்ணீரில் போய்விட்டது. மூக்கு வழியாக உள்ளே போனதை எதைக்கொண்டு கழுவுவது?

மறியல் முடிந்து பஸ் ஓடிய முதல் நாளே அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். போன வருஷம் வேறொரு வைத்தியர் காசநோய் என்று மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கியும் இருமல் குறையவில்லை. இங்கே இருந்த டாக்டரம்மாவிடம் சாலம்மாள் மாத்திரையைப் பற்றி அதிகம் பேசவில்லை. கிரஷர் ஓடாத வாரத்தைப் பற்றித்தான் பேசினாள். எந்த நாள் எப்படித் தூங்கினான், எத்தனை வாய் சாப்பிட்டான், ஆட்டைத் துரத்தச் சொன்னது எல்லாம். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டாள். பிறகு சளியைச் சோதித்துப் பார்த்து, எடுத்த எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். இரண்டு நுரையீரலிலும் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள்.

“சளியில கிருமி இல்லம்மா. இது கல்லுத் தூசி. உள்ள போனது போனதுதான், அத எடுக்க மருந்து கிடையாது. இனிமே போகாம பாத்துக்கணும். இவர் அந்த வேலைக்கு மறுபடி போகவே கூடாது.”

“நானும் அங்கதாங்க ஜல்லி தூக்கறன். துணி கட்டிக்கினா?”

“துணி மட்டும் போதாது, அதுக்குள்ளயும் பூந்துடும். கல்ல நனைச்சுட்டு ஒடைக்கச் சொல்லுங்க. தூசி கெளம்பாம இருந்தாத்தான் எல்லாருக்கும் நல்லது.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் முனியன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். வெட்டுண்ட மரங்களின் அடிக்கட்டைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

“நான் நின்னுட்டா என் எடத்துல பழனிய போடுவாங்க” என்றான். “அவனுக்கு இப்பதான் கண்ணாலம் ஆயிருக்குது மே.”

சாலம்மாள் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் ஆட்கள் இருந்தும் அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை தன்னோடு ஜல்லி சுமக்கும் ஜெயம்மாளையும் ராஜாம்பாளையும் சேர்த்துக்கொண்டு குடங்களோடு கிரஷருக்குப் போனாள். கல் வெட்டியெடுத்த குழியில் மழைத்தண்ணீர் நிறையத் தேங்கியிருந்தது. மூன்று பேரும் மொண்டுவந்து கல் குவியலின்மேல் ஊற்ற ஆரம்பித்தார்கள். மேஸ்திரி கண்ணாயிரம் ஓடிவந்தார்.

“இன்னா பண்றீங்க? ஈரக் கல்ல போட்டா கல்லுமாவு அப்பிக்கினு சல்லட அடச்சிக்கும். மொதலாளிக்கு யாரு பதில் சொல்றது?”

“சல்லட அடச்சா தட்டி வுட்டுக்கலாம் மேஸ்திரி. நெஞ்சு அடச்சா இன்னாத்தத் தட்டறது?” பையிலிருந்த எக்ஸ்ரேயை எடுத்து நீட்டினாள். “தண்ணி ஊத்தாம நாங்க யாரும் கூடய எடுக்கமாட்டம். இந்தாங்க, நீங்களே பாருங்க.”

அவர் அதை வெயிலுக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். இருமல் முந்திக்கொண்டது. குனிந்து, முழங்காலில் கை ஊன்றி, இருமி முடித்தபின் எக்ஸ்ரேயைப் பத்திரமாக மடங்காமல் திருப்பிக் கொடுத்தார்.

“மொதலாளி வெள்ளிக்கெழம வருவாரு. அதுவரைக்கும் ஊத்துங்க” என்றார். “அவரு வந்தா… வரட்டும், பேசிக்கலாம்.”

வீட்டிலேயே இரு என்று சொல்லிவிட்டு வந்திருந்தும் முனியன் பத்துமணிக்கு மெல்ல நடந்து வந்துவிட்டான். சாலம்மாள் திட்டவில்லை. காற்று அடிக்கும் திசையைப் பார்த்து, தூசி வராத பக்கமாகக் குழியோரப் பாறையில் அவனை உட்காரவைத்துச் சொம்பைக் கையில் கொடுத்தாள். அவன் மொண்டு குடங்களை நிரப்ப, பெண்கள் தூக்கிப்போனார்கள். நாலு சொம்புக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டான்.

முனியன் இடத்தில் நின்ற பழனி முதல் ஈரக் கல்லைத் தூக்கிப் போட்டான். கிரஷர் அதைக் கடித்தது. வழக்கமாக அந்தச் சத்தத்தோடு எழும் வெள்ளைப் புகை எழவில்லை. கறுப்பாக, மினுமினுவென்று ஜல்லி சரிந்து விழுந்தது. முனியன் கையில் சொம்போடு நிமிர்ந்து பார்த்தான். இயந்திரத்துக்கு அந்தப் பக்கம், கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்த சாலம்மாளின் முகம் மூக்குத்தியோடு துலங்கத் தெரிந்தது. வேலை நேரத்தில் அந்த இடத்தில் அவன் அதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.