முதலை கடித்தவரின் பிறந்தநாள்

நான் இதுவரை பதினோரு முறை மாரடைப்பில் விழுந்திருக்கிறேன். இரண்டு முறை குடல்வால் வெடித்திருக்கிறது. ஒருமுறை, ஆள் பற்றாக்குறையால், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுகூட எனக்கு வந்திருக்கிறது. அன்று நான் அழுத அழுகையில் தேர்வாளரே கைக்குட்டையை எடுத்தார் என்று ஊரில் பேச்சு. பேச்சைக் கிளப்பியவன் நான்தான்.

பயப்பட வேண்டாம். செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு எனக்குக் கிடைத்த வேலை இது. வெளிநாட்டில் படித்துவிட்டு வரும் தாதியர் இங்கே பதிவு பெறுவதற்கு முன்னால் செய்முறைத் தேர்வு ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. எழுதுவது என்றால் எழுதுவதில்லை. கட்டிலில் ஒரு நோயாளி படுத்திருப்பார், அவரைக் கவனிக்க வேண்டும். அந்தக் கட்டிலில் படுத்திருப்பவன் நான். வாழ்நாள் முழுக்க நான் வாங்கிய திட்டுக்கெல்லாம் காரணமாக இருந்த இரண்டு திறமைகளுக்கும், அதாவது படுத்துக் கிடப்பதற்கும் பொய் சொல்வதற்கும், எழுபத்திரண்டு வயதில் ஒரே இடத்தில் சம்பளம் கிடைத்தது.

ஒரே ஒரு சிக்கல். அங்கே சொந்தப் பொய்யைச் சொல்லக் கூடாது. ஒரு அட்டையில் அவர்கள் எழுதிக் கொடுக்கும் பொய்யை மட்டும்தான் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் இருபத்தொன்றாம் தேதி காலை, வேலைக்குப் போகும் வழியில் தேக்கா உணவங்காடியில் உட்கார்ந்திருந்தேன். கூட்டம். எதிர் நாற்காலியில் கறுப்பு முக்காடு போட்ட ஒரு பெண், தோசையைச் சாப்பிடாமல் அதோடு பேசிக்கொண்டிருந்தாள். “உங்க முழுப் பேரு என்ன? உங்க பிறந்த தேதி என்ன?” என்று தோசையை ஆங்கிலத்தில் கேட்டாள். தோசை பதில் சொல்லவில்லை. மரியாதைக்கு நான் சொன்னேன்.

“பேரு சின்னத்தம்பி. பிறந்தநாள் இன்னைக்குத்தாம்மா.”

இன்றைக்கு என் பிறந்தநாள் இல்லை. ஆனால் தேக்காவில் எனக்கு வாரத்துக்கு ஒரு பிறந்தநாளாவது வந்துவிடும். தனியாக உட்கார்ந்திருக்கும் கிழவன் இப்படிச் சொன்னால், எதிரில் இருப்பவர் கல்நெஞ்சராக இல்லாத பட்சத்தில் ஒரு வடை நிச்சயம்.

“ஐயோ, இன்னைக்கா அங்கிள்? தனியாவா உக்காந்திருக்கீங்க?” என்றவள் எழுந்து போய் எனக்கு நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீரும் வடையும் வாங்கி வந்தாள். சில்லறையை எண்ணிப் பார்த்துவிட்டுத் தனக்கு வெறும் தோசை போதும் என்று அவள் கடையில் சொன்னதை நான் கேட்டிருந்தேன். இருந்தும் வடையைச் சாப்பிட்டேன்.

அவள் பெயர் சாதியா. திருநெல்வேலிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஆறு வருஷம் நர்ஸ். இங்கே புக்கிட் பாத்தோக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராக இருக்கிறாள். குளிப்பாட்டலாம், சோறு ஊட்டலாம், மாத்திரையைத் தொடக் கூடாது. தொட வேண்டுமென்றால் பதிவு வேண்டும். அன்றைக்குத் தேர்வு. ஏற்கெனவே ஒருமுறை தோற்றாயிற்று.

“இன்னொரு தடவை போச்சுன்னா என் வேலை பாஸைப் புதுப்பிக்க மாட்டோம்னு இல்லத்துல சொல்லிட்டாங்க அங்கிள். ஊருக்குப் போக வேண்டியதுதான்.”

“போன தடவை எதுல போச்சு?”

“பேரு கேக்காததுல.”

எனக்குப் புரியவில்லை.

“கட்டில்ல ஒரு பெரியவர் படுத்திருந்தாரு. எங்க ஊர்ல, அப்பா வயசுல இருக்கறவரைப் பாத்து ‘உன் பேரு என்ன, எப்ப பொறந்தே’ன்னு கேட்டா, போலீஸ் ஸ்டேஷனான்னு கேப்பாங்க. ‘வாங்க வாப்பா, நல்லாருக்கீங்களா’ன்னு கையைப் புடிச்சு, சிரிச்சு, மாத்திரையைக் குடுத்துட்டேன். அந்தப் பெரியவர்கூட எனக்குத் தேங்க்ஸ் சொன்னாரு. ஃபெயில்.”

நான் அப்போதே எழுந்து போயிருக்கலாம். அவள் போகும் இடமும் நான் போகும் இடமும் ஒன்றே என்று எனக்குப் புரிந்துவிட்டது. வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. அதை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். ஆனால் வடை மிச்சமிருந்தது. அவள் என் கையிலிருந்த நீளத் தழும்பைப் பார்த்து, “இது என்ன அங்கிள்?” என்றாள்.

“உட்லண்ட்ஸ் பாலத்துக்குக் கீழ முதலை கடிச்சது. தொப்பி தண்ணியில விழுந்துருச்சு, எடுக்கக் குதிச்சேன். இந்தக் கையால அது வாயைப் புடிச்சுக்கிட்டே அந்தக் கையால ஜொகூருக்கு நீந்திட்டேன். அங்க இமிகிரேஷன்ல முதலைக்குப் பாஸ்போர்ட் இல்லைன்னுட்டாங்க. திருப்பிக் கூட்டிட்டு வர வேண்டியதாப் போச்சு.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் தோசையைச் சாப்பிட்டாள். நான் ஒரு பெரிய மருத்துவம் பார்த்துவிட்ட பெருமையோடு பேருந்து ஏறினேன்.

அன்றைய அட்டையின்படி நான் மாணிக்கம். பிறந்தது மார்ச் மூன்று. நோய், உயர் ரத்த அழுத்தம். மணிக்கட்டில் அந்தப் பெயரும் தேதியும் அச்சிட்ட பட்டையை மாட்டிவிட்டார்கள். செய்ய வேண்டியது அற்பம்: தாதி பெயர் கேட்பார், சொல்ல வேண்டும், தேதி கேட்பார், சொல்ல வேண்டும், பட்டையோடு ஒத்துப்பார்த்து மாத்திரை கொடுப்பார், அதாவது ஒரு புதினா மிட்டாய், அதை விழுங்க வேண்டும். இதைவிடச் சுலபமாக எனக்கு எந்த நோயும் வந்ததில்லை.

முதல் மூன்று பேர் வந்தார்கள், போனார்கள். மூன்று மிட்டாய் தின்றேன். நான்காவதாகத் திரையை விலக்கிக்கொண்டு வந்தது சாதியா.

என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றாள். முகத்தில் எதுவும் காட்டவில்லை. ஓரத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த தேர்வாளர் திருமதி லிம்மும் எதுவும் கவனிக்கவில்லை. பேச்செல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. என் ஆங்கிலத்தை அச்சில் பார்க்க எனக்கே தைரியம் இல்லாததால் தமிழில் தருகிறேன்.

“வணக்கம். நான் இன்று உங்கள் தாதி. உங்கள் முழுப் பெயரைச் சொல்ல முடியுமா?”

கேட்டுவிட்டாள்! எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். “மாணிக்கம்,” என்றேன், அவளை உற்சாகப்படுத்தும் குரலில்.

“உங்கள் பிறந்த தேதி?”

மார்ச் மூன்று என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது அவள் கண்ணைப் பார்த்தேன். காலையில் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்த கண். மார்ச் என்று சொன்னால் இவள் என்னைப் பற்றி என்ன நினைப்பாள்? வடைக்காகப் பொய் சொன்ன கிழவன் என்று நினைக்க மாட்டாளா? அட்டையில் இருப்பது வேறு ஆளின் பிறந்தநாள், அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பது எந்தக் குழந்தைக்கும் தெரியும். எனக்கு அந்த நொடியில் தெரியவில்லை. முதலையின் வாயைப் பிடித்தவனுக்கு மானம் பெரிது.

“ஆகஸ்ட் இருபத்தொன்று,” என்றேன்.

அவள் என் கையைத் தூக்கிப் பட்டையைப் படித்தாள். மறுபடி படித்தாள். தழும்பையும் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூச்சு நின்றுவிட்டது, நடிப்பில் அதுவரை எனக்கு அது வந்ததே இல்லை.

அவளுக்கு எல்லாமே தெரியும். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்றும் தெரியும், பட்டையில் இருப்பதுதான் சரி என்றும் தெரியும். ‘பரவாயில்லை அங்கிள்’ என்று சிரித்து மிட்டாயைக் கொடுத்தால் போதும். அவள் ஊரில் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். போன தடவை அவளும் அதைத்தான் செய்தாள்.

“மன்னிக்கவும். உங்கள் பிறந்த தேதியை மறுபடி சொல்ல முடியுமா?”

“மார்ச் மூணு! மார்ச் மூணுதான்! சத்தியமா!” என்றேன். அவசரத்தில் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன்.

“நீங்கள் இரண்டு தேதிகள் சொல்லியிருக்கிறீர்கள்.”

“முதல்ல சொன்னது பொய்ம்மா. இதுதான் நிஜம்.” இதைச் சொல்லும்போதே, இப்படிச் சொல்பவனை நானே நம்ப மாட்டேன் என்று தோன்றியது.

அவள் மாத்திரைக் கிண்ணத்தை என்னிடமிருந்து தள்ளி வைத்தாள். கட்டிலில் தொங்கிய அழைப்பு மணியை அழுத்தினாள். அதற்கு ஒயர் கிடையாது. திருமதி லிம்மின் பக்கம் திரும்பி, “இவர் யார் என்பது உறுதியாகும்வரை இந்த மருந்தை நான் கொடுக்கப்போவதில்லை. பொறுப்புத் தாதியிடம் தெரிவிக்கிறேன்,” என்றாள்.

திருமதி லிம் தாளில் எதையோ குறித்துக்கொண்டார். தேர்வின் நடுவே பேசக் கூடாது என்பது அவருடைய விதி. சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மிட்டாய் கிண்ணத்திலேயே இருந்தது. நான் அதை விழுங்காமல் தேர்வு நேரம் முடிந்தால் இந்தப் பெண் ஊருக்குப் போக வேண்டியதுதான் என்று எனக்குள் ஒரே அலறல்.

எட்டிக் கிண்ணத்தைப் பிடுங்கினேன்.

சாதியா அதைவிட வேகம். கிண்ணத்தின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். நான் இழுக்க, அவள் இழுக்க, கட்டிலின் சக்கரம் நகர்ந்து நாங்கள் இரண்டு பேரும் கிண்ணமும் திரைச்சீலைப் பக்கம் மெதுவாகப் பயணம் போனோம்.

“விடும்மா, நான் தின்னுடறேன்லா!”

“தொடாதீங்க அங்கிள்!” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு, தமிழில்.

மணி அடித்தது. நிஜ மணி. அவள் கிண்ணத்தைத் தட்டில் வைத்து, கட்டிலைப் பழைய இடத்துக்குத் தள்ளி, சக்கரத்தைப் பூட்டி, எனக்குப் போர்வையைச் சரிசெய்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

திருமதி லிம் என்னைத் தனி அறைக்கு அழைத்தார். நான் வடையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலையை மட்டும் விட்டுவிட்டேன், ஏற்கெனவே நிலைமை மோசமாக இருந்ததால்.

“அந்தப் பொண்ணை ஃபெயில் பண்ணாதீங்க மேடம். தப்பு என்னுது. வேணும்னா என்னை ஃபெயில் பண்ணுங்க.”

“அங்கிள், அவங்க ரிசல்ட்டை உங்ககிட்டச் சொல்ல முடியாது. உங்க ரிசல்ட்டைச் சொல்றேன். நாளையிலேருந்து வர வேணாம்.”

இப்படியாக, உலகத்திலேயே நோயாளி வேலையிலிருந்து நீக்கப்பட்ட முதல் ஆரோக்கியமான மனிதன் நான்தான்.

அதன்பின் தினமும் காலையில் தேக்காவுக்குப் போய் அதே மேசையில் உட்கார்ந்தேன். கறுப்பு முக்காடு எங்கே தெரிந்தாலும் எழுந்து நின்றேன். ஒரு முறை ஒரு அம்மாள் என்னைச் செருப்பைக் கழற்றும் தோரணையில் பார்த்தார். பணமாற்றுக் கடை நண்பர் ஜமால் முகம்மது எதிரில் வந்து உட்கார்வார்.

“என்ன சின்னத்தம்பி, இந்த வாரம் பிறந்தநாள் இல்லையா?”

“விட்டுட்டேன்.”

“பொறக்கறதையா?”

அவரிடம் நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “முதலைக் கதையில ஒரு நம்பகத்தன்மை இருந்துச்சு. இதுல இல்லை,” என்றார்.

மாதங்கள் போயின. சாதியா வரவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறியிருப்பாள் என்றே முடிவு செய்தேன். வடையைப் பார்த்தால் தொண்டை அடைத்தது. உளுந்து வடை அப்படித்தான் என்றார் ஜமால்.

ஜனவரியில் எனக்கு நிஜமாகவே ஒரு நோய் வந்தது. இடது கண்ணில் புரை. அறுவை சிகிச்சைக்கு மருத்துவமனையில் போய்ப் படுத்தேன். அனுபவசாலி என்பதால் எப்படிப் படுக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. திரை விலகியது. வெள்ளைச் சீருடை, கறுப்பு முக்காடு. புரை விழுந்த கண்ணால் பார்த்ததால் நம்பாமல், நல்ல கண்ணாலும் பார்த்தேன்.

“சாதியா! நீ ஊருக்குப் போகலையா? அப்ப அன்னைக்கு…”

“முழுப் பேரு சொல்லுங்க அங்கிள்.”

“பாஸ் பண்ணிட்டியாம்மா? அதை முதல்ல சொல்லு.”

“பேரு.”

“சின்னத்தம்பி.”

“பிறந்த தேதி?”

அடையாள அட்டையில் இருக்கும் தேதியைச் சொன்னேன். பட்டையைப் பார்த்தாள். அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி அதையும் பார்த்தாள். மறுபடி என்னைக் கேட்டாள். அதையே சொன்னேன். ஒரே நாளில் இத்தனை உண்மை பேசிப் பழக்கமில்லாததால் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. அவளே அளந்து எழுதிக்கொண்டாள்.

“கையில இந்தத் தழும்பு?”

“மத்தி மீன் டப்பா. தொறக்கும்போது கிழிச்சது.”

அப்போதுதான் சிரித்தாள். “பாஸ் அங்கிள். பதிவு கிடைச்சதும் இங்க வேலைக்கு வந்துட்டேன். அந்தக் கட்டில்ல மருந்தைக் கொடுக்காம நிறுத்தினதுக்குத்தான் மார்க்காம். சந்தேகம்னா கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.”

“பாத்தியா! அப்ப நான் பொய் சொன்னதாலதான் நீ…”

“உங்களாலதான் ரிசல்ட் வர்ற வரைக்கும் சோறு இறங்கலை. பெட்டியைக்கூடக் கட்டிட்டேன். பேசாம படுங்க.”

பேசாமல் படுத்தேன்.

அறுவை சிகிச்சை முடிந்து, ஒரு கண்ணில் கட்டோடு கிடந்தபோது அவள் ஒரு கோப்பைத் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் கொண்டு வந்தாள். எனக்கு மனம் இளகிவிட்டது.

“பிறந்தநாளுக்காம்மா?”

“ஆபரேஷன் முடிஞ்ச எல்லாருக்கும் கொடுக்கறது அங்கிள்.”

நான் கையை நீட்டினேன். அவள் கோப்பையைக் கொடுக்கவில்லை. நீட்டிய கையைத் திருப்பி, மணிக்கட்டுப் பட்டையை இன்னொரு தடவை படித்தாள். அதற்குப் பிறகுதான் தேநீர் என் கைக்கு வந்தது. சர்க்கரை இல்லை.