கெண்டைக்கால்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவள் அவள். ஓட்டக்காரர்கள் அவளை ‘மின்னல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அறுபதைத் தாண்டிய பிறகும் மூத்தோர் தடகளப் போட்டியில், எண்ணூறு மீட்டரில் அவளை முந்த ஆளில்லை. பேரன் பேத்தி எடுத்த வயதில் ஓட்டம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று உறவுக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அதையெல்லாம் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புருஷன் நேரெதிர். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்தவர். ஊரார் பிழையில் பிழைத்தவர். சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். மடியில் செய்தித்தாள், விரலிடுக்கில் சிகரெட். கல்யாணமான நாள் முதல் அந்த வீட்டுத் திரைச்சீலையிலும் தலையணையிலும் அந்த நெடிதான். சன்னலைத் திறந்தால் தாள் பறக்கிறது என்று சாத்திவிடுவார்.

முதலில் வலது கெண்டைக்காலில்தான் பிடித்தது. ஓடத் தொடங்கிக் கொஞ்ச தூரம் போனதும், ஈரத்துணியைப் பிழிவதுபோல் யாரோ சதையை முறுக்குவார்கள். நின்றால் விட்டுவிடும். ஓடினால் மறுபடி பிடிக்கும். காலணியைக் குறை சொல்லிப் புதிதாக வாங்கினாள். தரையைக் குறை சொல்லி இடம் மாற்றினாள். அப்புறம் நடந்தாலே பிடிக்க ஆரம்பித்தது. கடைத்தெருவில் வலி வந்தால், அகப்பட்ட கடை முன்னால் நின்று வேண்டாத சாமானைப் பார்ப்பதுபோல் பாவனை செய்வாள். கூட ஓடுகிற மருந்துக்கடைக்காரி ஒருநாள் அதைக் கவனித்துவிட்டாள்.

“பூட்டுக் கடையில உங்களுக்கு என்னக்கா வேலை? நேத்தும் இங்கதான் நின்னீங்க. இது சுளுக்கு இல்ல. போய் டாக்டரைப் பாருங்க.”

ரத்தநாள மருத்துவர் சின்ன வயதுப் பெண். கையிலும் கணுக்காலிலும் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார். கையில் இருந்ததில் பாதிதான் காலில் இருந்தது. காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கொழுப்பு படிந்து அடைத்திருக்கிறது, ஓடும்போது சதை கேட்கிற ரத்தம் போய்ச் சேரவில்லை, அதுதான் வலி என்று பொறுமையாக விளக்கினார். சர்க்கரை உண்டா என்று கேட்டார். இல்லை. சிகரெட் பிடித்தது உண்டா? தொட்டதே இல்லை.

“வீட்டுல யாராவது பிடிப்பாங்களா?”

அவள் வாய் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து புருஷன் சொன்னார்: “யாருமில்லைங்க.”

வாழ்நாளில் ஓரடி ஓடாத மனுஷன் அங்கே அவளை முந்திவிட்டார். சட்டைப்பையில் இருந்த சிகரெட் பெட்டியை உள்ளங்கையால் மூடியிருந்தார். மருத்துவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அந்நிய மனுஷி முன்னால் கட்டினவரைப் பொய்யராக்க அவளுக்கு நா எழவில்லை.

மாத்திரையோடு நடையும் மருந்துதான் என்றார் மருத்துவர். வலி வரும்வரை நடக்க வேண்டும், வந்தால் நிற்க வேண்டும், போனதும் மறுபடி நடக்க வேண்டும். பழகப் பழகச் சின்னச் சின்ன நாளங்கள் வேறு வழி கண்டுபிடித்து ரத்தம் கொடுக்குமாம். பழையபடி ஓட முடியுமா என்று கேட்டதற்கு, முதலில் நடங்கள் என்று மட்டும் பதில் வந்தது.

பேருந்து நிறுத்தத்தில் அவள் கேட்டாள்: “ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“சொன்னா மட்டும் அடைப்பு தொறந்துக்குமா? அந்தப் பொண்ணு முன்னால என்னைக் குத்தவாளியா நிக்க வைக்கணுமா உனக்கு?”

“இத்தனை வருஷமா அந்தப் புகையை நானுந்தானே முழுங்கினேன்.”

“எங்கப்பா சாகற வரைக்கும் பிடிச்சார், கல்லு மாதிரி இருந்தார். நீ ஓடின ஓட்டத்துலதான் கால் கெட்டுப்போச்சு.”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அடுத்த வாரமே அவர் தன் ரத்தநாளங்களையும் சோதித்துக்கொண்டார். ஒரு பழுதும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைப் பரீட்சையில் பாஸானதுபோல் சொன்னார். அவள் தன் கட்டிலைத் துணி காயப்போடும் பின்னறைக்கு மாற்றிக்கொண்டாள்.

தினமும் நடந்தாள். பல்லைக் கடித்து நடப்பாள், நிற்பாள், பிறகு நடப்பாள். மழைக்காலம் முடிவதற்குள் விளையாட்டரங்கை ஒரு சுற்று நிற்காமல் வர முடிந்தது. மூத்தோர் போட்டி அறிவித்ததும் போய்ப் பெயர் கொடுத்தாள். போட்டிக் குழுச் செயலாளர் நெளிந்தார். மேடையில் நாற்காலி போட்டு வைக்கிறோம், நீங்கள் பதக்கம் கொடுத்தால் போதும் என்றார். செத்தவளுக்கு மாலை போடுவதுபோல் இருந்தது அவளுக்கு. எண்ணூறு மீட்டரில் பெயரை எழுதச் சொல்லி, எழுதும்வரை அங்கேயே நின்றாள்.

மெல்லத்தான் ஓடினாள். முதல் சுற்றின் பாதியிலேயே கால் பிடித்துக்கொண்டது. குனிந்து முழங்காலைப் பிடித்து நின்றாள். மருந்துக்கடைக்காரி முதலாவதாக வந்தது அவள் கண்ணெதிரே நடந்தது. மற்றவர்களும் ஓடி முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க, இவள் இன்னும் ஒருமுறை நின்று, மிச்சத்தை நடந்தே முடித்தாள். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். ஜெயித்த காலத்தில் யாரும் இப்படித் தட்டியதில்லை. தத்தி நடக்கும் குழந்தைக்குத் தட்டுகிற தட்டல் அது.

எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவர் புருஷன். அருகில் நின்றவர்களிடம், “விடாம நடக்க வெச்சதே நான்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் மூச்சு வாங்க நேரே அங்கே போனாள். “இவர் நாற்காலியை விட்டு எழுந்ததே இன்னிக்குத்தான். வீடு பூரா புகை போட்டதும் இவர், டாக்டர்கிட்ட இல்லைன்னு சாதிச்சதும் இவர்” என்றாள்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். தோற்ற எரிச்சல், பாவம் என்று பின்னால் ஒரு குரல் முணுமுணுத்தது. மருந்துக்கடைக்காரிதான் அவள் தோளைத் தொட்டாள். முதலிடத்துப் பதக்கம் கடைக்காரியின் கழுத்தில் இருந்தது. “விடுங்கக்கா. இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு.” அந்த வார்த்தைதான் மற்றெல்லாவற்றையும்விடச் சுருக்கென்று தைத்தது.

அதற்குப் பிறகு புருஷன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாளாம். அடுத்த பரிசோதனையில் காலின் ரத்த அழுத்தம் சற்று ஏறியிருந்தது. நல்ல முன்னேற்றம், ஆனால் இனிப் பந்தயம் வேண்டாம் என்றார் மருத்துவர்.

இப்போதும் காலையில் விளையாட்டரங்குக்குப் போகிறாள். வெளிவட்டத்தில் நடக்கிறாள், உள்வட்டத்தில் ஓடுகிறவர்கள் கடந்து போகும்போது கையசைக்கிறார்கள், அவளும் அசைக்கிறாள். மின்னல் என்று கூப்பிடுவதை அவர்கள் நிறுத்திவிட்டார்கள். நடப்பதில் அவளுக்குச் சந்தோஷம் ஒன்றும் கிடையாது. நடக்காவிட்டால் கால் போய்விடும், அவ்வளவுதான்.