புறா விரட்டிய சிடி

எம்பிராய்டரிக்காரரின் கம்ப்யூட்டரைச் சோம்பேறி என்று சொன்னால் சோம்பேறிகள் கோபித்துக்கொள்வார்கள். காலையில் அதைப் போட்டுவிட்டு அவர் முடிவெட்டிக்கொள்ளப் போவார். திரை வருவதற்குள் முடி மறுபடி வளர்ந்து காதை மூடியிருக்கும்.

கடைசியில், மனைவியின் தம்பி வந்தான்; கம்ப்யூட்டர் ரிப்பேர்தான் அவன் தொழில். மதர்போர்டு, பிராசஸர், மெமரி எல்லாவற்றையும் புதிதாக மாட்டினான். பழைய ஹார்டு டிஸ்க் மட்டும் மேசைமேல் மிச்சம்.

"மாமா, டிஸ்க்க சுத்தமா அழிச்சிட்டு ஓ.எஸ்.ஸப் புதுசா போட்டுடறேன். உள்ள எல்லாம் புதுசு. பழசு முரண்டு பிடிக்கும்."

எம்பிராய்டரிக்காரர் சட்டென்று டிஸ்க்கின்மேல் கையை வைத்துக்கொண்டார். எந்தப் பூவை எப்படித் தைப்பது என்று மெஷினுக்குச் சொல்லும் சாஃப்ட்வேர் அந்த டிஸ்க்கில்தான் இருந்தது. அதை விற்ற கம்பெனி இழுத்து மூடி வெகுகாலம். அது போனால் இவரும் கடையை மூட வேண்டியதுதான்.

"நம்ம சாஃப்ட்வேரு?"

"அதோட சிடி இருக்குல்ல? திருப்பிப் போட்டுக்கலாம்."

அவர் முகம் தெளிந்தது. "பத்திரமா இருக்கு மாப்ளே."

நூல்கண்டு அடுக்கிக்கொண்டிருந்த மனைவி திரும்பாமலே சொன்னாள்: "எங்க இருக்குன்னும் சொல்லுங்க."

ஜன்னலில் இருந்தது. துணிமேல் எச்சமிடும் புறாக்களை விரட்ட அவரே நூல்கட்டித் தொங்கவிட்டிருந்தார். வெயிலில் பளபளவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

மச்சினன் அதை இறக்கித் துடைத்துத் தன் லேப்டாப்பில் போட்டான். டிரைவ் உறுமியது, இருமியது, சிடியை வெளியே துப்பியது.

"ஒரு எழுத்துகூடப் படிக்கல மாமா. வெயில் தின்னுடுச்சு."

"புறா பயப்படுதே!"

"புறா வந்து சாஃப்ட்வேர் போடுமா?"

அக்கா குறுக்கே வந்தாள். "ஏன்டா, அழிக்காமலே ஒரு தடவ மாட்டிப் பாரேன். கடிச்சா வைக்கும்?"

அவன் தலையைச் சொறிந்தான். "பாக்கலாம்க்கா. முதல்ல டிஸ்க்குக்கு அப்படியே ஒரு நகல் எடுத்துடறேன். கெட்டாலும் அது காப்பாத்தும்."

நகல் எடுத்தான். பழைய டிஸ்க்கை மாட்டினான். பொத்தானை அழுத்தினான். எம்பிராய்டரிக்காரர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். இழுத்த வேகத்தில் அலமாரியிலிருந்த நூல்முனைகளெல்லாம் அவர் பக்கம் சாய்ந்தன. சாதனங்களைத் தயார் செய்வதாகத் திரையில் ஒரு வரி வந்தது. கம்ப்யூட்டர் அணைந்தது. தானாகவே எழுந்தது. அதே பழைய ஐகான்கள்! சாஃப்ட்வேரைத் தட்டினார், விரலை எடுப்பதற்குள் திறந்துகொண்டது. கால்பந்து அணிக்காக வரைந்த சிங்கம் வால் இல்லாமல், விட்ட இடத்திலேயே காத்திருந்தது.

"அப்பாடா!"

விட்ட மூச்சில் நூலெல்லாம் பழையபடி நேராயின.

"அப்ப புதுசா எதுவும் போட வேணாமா?"

"ஓடறத எதுக்கு மாமா நோண்டணும்? முரண்டு பிடிச்சா அப்ப பாத்துக்கலாம்."

அதற்குள், ஜன்னல் காலியென்று கண்டு ஒரு புறா உள்ளே வந்து திறந்து கிடந்த புது மதர்போர்டுக்கு நேர்மேலே, அலமாரி விளிம்பில் உட்கார்ந்திருந்தது. எம்பிராய்டரிக்காரர் பதறிப்போய் சிடியை மறுபடி தொங்கவிட்டார். புறா ஒருமுறை பார்த்தது; பறந்துவிட்டது.

"படிக்கலன்னு சொன்னியே மாப்ளே," என்றார். "பாரு, ஒரே பார்வையில படிச்சிட்டுப் போவுது."