ஜன்னலை அளந்த பூட்ஸ்

வெலிச்காவிடம் சாமான் வாங்க வேண்டுமென்றால் மண்டி போட வேண்டும். சோபியா நகரத்தில் ஓர் ஐந்து மாடிக் குடியிருப்பின் நிலவறைதான் அவள் கடை. நடைபாதையை ஒட்டி முழங்கால் உயரத்துக்கு ஒரே ஒரு ஜன்னல். பேராசிரியரோ போலீஸ்காரரோ, யாராக இருந்தாலும் குனிந்து தலையை நீட்டினால்தான் பீரும் சிகரெட்டும் சூரியகாந்தி விதையும் கிடைக்கும். நின்றுகொண்டே குரல் கொடுப்பவர்களை அவள் சும்மா விடமாட்டாள்.

"முட்டி வலிக்குதா மகராசா? எதிர்த்தாப்ல பெரிய கடை இருக்கு, அங்க போ. குனியாதவனுக்கு என்கிட்ட ஒண்ணும் கிடையாது."

உள்ளே உட்கார்ந்திருப்பவளுக்கு ஊரே காலும் செருப்பும்தான். முகம் பார்க்காமலே ஆளைச் சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

அக்டோபர் மாதம் அந்த ஜன்னல் முன்னால் ஒரு ஜோடி வெள்ளைக் கான்வாஸ் ஷூ வந்து நின்றது. சாக்ஸ் இல்லை. இந்தக் குளிரில் கணுக்காலைக் காட்டிக்கொண்டு திரிகிற மனிதனை எப்படி நம்புவது? வெலிச்காவுக்கு அப்போதே மூக்கு வியர்த்துவிட்டது. ஷூக்காரர் குனிந்தார். நகராட்சி மன்றத் தேர்தலுக்கு நிற்கும் காமென் த்ரகானோவ். பக்கத்தில் ஒருத்தன் படம் எடுக்கத் தோதாகத் தரையில் படுத்தே விட்டான்.

"அம்மா, ஒரு தண்ணி பாட்டில் குடுங்க. என்னைத் தெரியுதா?"

"தெரியுதே. சுவரெல்லாம் நீதான் பல்லைக் காட்டிட்டு நிக்கிறியே."

அவர் சிரித்தார். கோபமே வராதாம் அந்த மனிதருக்கு. அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. பாட்டிலை வாங்கிக்கொண்டு ஒப்பிக்க ஆரம்பித்தார். தான் ஜெயித்தால் இந்தக் கட்டடத்துக்கு வெளிப்பக்கம் முழுக்கக் குளிர் தாங்கும் பலகை ஒட்டித் தருவாராம், இலவசமாக. தெருவில் விளக்கு, வாசலில் கேமரா, ராத்திரி பெண்கள் பயமில்லாமல் வரலாமாம். சின்ன வியாபாரிகளுக்குச் சதுக்கத்தில் கண்ணாடிக் கடைகள் கட்டப்போகிறாராம்.

"பலகை ஒட்டினா என் ஜன்னல் என்ன ஆகும்?" என்றாள் வெலிச்கா.

"நீங்க ஏன்மா இப்படி பாதாளத்துல கிடக்கணும்? மேல வாங்க, வெளிச்சத்துக்கு வாங்க!"

"நான் எங்க இருக்கணும்னு கேக்கல. ஜன்னல் என்ன ஆகும்னு கேட்டேன்."

"உங்களுக்கு நல்லதே நடக்கும்," என்று எழுந்துகொண்டார் காமென். கான்வாஸ் ஷூக்கள் அடுத்த வாசலுக்குப் போய்விட்டன. நல்லதே நடக்கும் என்கிறவன் எதையாவது சுருட்டாமல் போகமாட்டான் என்று அவள் வாய்விட்டே சொன்னாள். கேட்கத்தான் யாருமில்லை.

கணவன் ஆசென் செத்துப்போன பிறகு அவளுக்குச் சோறு போடுவது அந்த ஜன்னல்தான். சதுக்கத்துக் கண்ணாடிக் கடைக்கு வாடகை கேட்பார்கள், அதற்கும் ஆயிரம் பேர் முண்டியடிப்பார்கள். அவளை யார் சீந்துவார்கள்? ஆனால் சட்டப்படி வீட்டுக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் பலகை ஒட்ட முடியும். நிலவறை அவள் பெயரில் இருந்தது. மற்ற எல்லோரும் போட்டாகிவிட்டது. பாக்கி அவள் ஒருத்திதான்.

நாலாவது மாடி ரூஜா தினமும் வந்து குனிந்தாள். முன்பெல்லாம் பால் வாங்க, இப்போது சண்டை போட.

"அக்கா, என் வீட்டு வடக்குச் சுவர் முழுக்கப் பூஞ்சக்காளான், பலகை ஒட்டினாதான் போகும். பொண்ணு விடிய விடிய இருமுது. உன் பீர் பாட்டிலுக்காக எம்புள்ள சாகணுமா?"

"உம்புள்ள நல்லா இருக்கட்டும்டி. ஜன்னல் இருக்கும்னு அந்த ஆளை வாயால சொல்லச் சொல்லு, இப்பவே போடறேன்."

"எல்லாத்துலயும் சந்தேகம் உனக்கு! பாலுக்குள்ள பூனை இருக்கான்னு பாப்ப நீ."

ரூஜா வேகமாகப் போய்விட்டாள். அந்தக் குழந்தையின் இருமல் நிலவறை வரைக்கும் கேட்கத்தான் செய்தது. அவள் என்ன கல்லா?

அவளுக்கு ஆறுதலாக இருந்தவர் பெத்கோ ஒருவர்தான். ஐந்தாவது மாடிக்காரர், கட்டடத்தின் நிர்வாகி, ஆசெனோடு ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர். ஆசென் செத்த நாற்பதாம் நாள், கோதுமை வேகவைத்துக் கொடுத்துவிட்டு, அவன் துணிமணிகளை வழக்கப்படி அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தபோது, இடதுகால் நுனியில் ஒட்டுப்போட்ட அந்தத் தோல் பூட்ஸை பெத்கோவுக்குத்தான் கொடுத்தாள். அன்றிலிருந்து தினமும் காலையில் கடையின் முதல் வியாபாரம் அவர்தான். புருஷனின் பூட்ஸ் வந்து நிற்கும், முட்டி மடங்கும், நரைத்த மீசை உள்ளே எட்டிப் பார்க்கும். அவளுக்கு அப்போதுதான் பொழுது விடியும்.

"பெத்கோ அண்ணே, நான் என்ன பண்ண?"

"கொஞ்சம் பொறு. ஞாயித்துக்கிழமை கூட்டம் வரைக்கும் யார்கிட்டயும் வாயை விடாத. நான் இருக்கேன்ல?"

இருந்தார். எப்படி இருந்தார் என்பது சனிக்கிழமை தெரிந்தது.

அன்று கடை திறக்க நேரமிருந்தது. ஜன்னல் கதவு மூடியிருக்க, உள்ளே அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த வெலிச்கா வெளியே உலோகம் உரசும் சத்தம் கேட்டு இடுக்கில் கண்ணை வைத்தாள். ஒட்டுப்போட்ட பூட்ஸ். ஜன்னலின் அகலத்துக்கு அளவு நாடா ஒன்று இழுபட்டது, பிறகு உயரத்துக்கு. கூப்பிட வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். தெருவோரம் ஒரு கார் வந்து நின்றது, அதிலிருந்து சாக்ஸ் இல்லாத கான்வாஸ் ஷூக்கள் இறங்கின. பூட்ஸ் அவற்றை நோக்கிப் போனது. இரண்டும் நெருக்கமாக ரொம்ப நேரம் நின்றன. காமெனின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

வாயை விடாதே என்றது இதற்குத்தானா? கண்ணாடிக் கடை ஒன்று அவருக்கு என்று பேச்சோ? நல்லா இருங்கடா! பெட்டி மேல் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதாள். அளந்தவர் வேறு எவர் பூட்ஸைப் போட்டிருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வழக்கம்போல மாடிப்படியில் நடந்தது. ஆளுக்கொரு படியில் உட்கார்ந்திருந்தார்கள். கீழே தபால் பெட்டிகளுக்கு முன்னால் காமென் நின்று வீடு, பாதுகாப்பு, வியாபாரம் என்று மறுபடியும் வரிசையாகச் சொல்லிமுடித்தார்.

"ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. அம்மா மனசு வைக்கணும்."

எல்லாத் தலைகளும் வெலிச்கா பக்கம் திரும்பின. அவள் எழுந்தாள். காமெனைப் பார்க்கவில்லை.

"என்ன பெத்கோ அண்ணே, ஜன்னல் அளவு சரியா வந்துச்சா?"

பெத்கோ நிமிர்ந்து பார்த்தார்.

"திருட்டுத்தனமா அளந்தியே, எவ்வளவுக்கு வித்த என்னை? வித்ததுதான் வித்த, செத்தவன் பூட்ஸை மாட்டிக்கிட்டா வந்து நிக்கணும்? அவன் ஆத்மாவுக்குன்னு குடுத்ததாச்சே அது! உனக்கு வெக்கமா இல்ல?"

பெத்கோ தன் கால் பூட்ஸைப் பார்த்தபடி முழித்தார். பார், திருடன் முழிப்பதை என்று அவள் நினைத்துக்கொண்டாள். காமெனுக்குத்தான் பதற்றம். கட்சியின் பெயர் கெட்டுவிடுமே!

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லம்மா! நாங்க யாருக்கும் எதுவும் குடுக்கல. இவர்தான் மூணு வாரமா என் உசிரை எடுக்கறாரு. வெலிச்காவோட ஜன்னலை விட்டுட்டுப் பலகை ஒட்டுங்க, இதோ அளவு, நானே மரச்சட்டம் செஞ்சு தர்றேன்னு நேத்துகூட மறிச்சாரு. முதல்லயே தெளிவா சொல்லிட்டேன், அது முடியாது, சுவர்னா ஒரே சீரா மூடணும்னு. வேணும்னா அவரையே கேளுங்க!"

தன் வாயாலேயே என்ன சொல்லிவிட்டோம் என்று காமெனுக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. புரிந்தவுடன் மறுபடி சிரித்தார்.

"அப்ப மூடத்தான் போறீங்க," என்றாள் ரூஜா மெதுவாக. "அக்கா கேட்டப்ப அதைச் சொல்லலியே?"

வெலிச்காவின் காதில் எதுவும் ஏறவில்லை. பெத்கோ குனிந்து பூட்ஸ் நாடாக்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஒரு பூட்ஸ், அப்புறம் இன்னொன்று. இரண்டையும் ஜோடியாக அவள் காலடியில் வைத்தார்.

"அண்ணே, வேணாம். செத்தவங்க பேர்ல குடுத்ததைத் திருப்பித் தரக்கூடாது. அண்ணே!"

"முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்," என்றார் அவர். "முடியல." அவ்வளவுதான் சொன்னார். சாக்ஸ் காலோடு ஐந்து மாடியும் ஏறினார்.

கையெழுத்து விழவில்லை. காமெனின் பட்டியலிலிருந்து கட்டடம் போய்விட்டது, ரூஜாவின் சுவர் ஈரத்தோடே இருந்தது, அவளும் வெலிச்காவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். பூட்ஸ் மாடிப்படியிலேயே கிடந்தது. யாருக்குத் துணிச்சல் வரும் அதைத் தொட? கடைசியில் வெலிச்காவே அதைத் துடைத்து, ஐந்தாவது மாடிக்குத் தூக்கிப்போய், பெத்கோவின் மூடிய கதவுக்கு முன்னால் மண்டி போட்டாள்.

"அண்ணே, நான் கால்களைப் பாத்தே பழகினவ. அன்னிக்கு உன் முகத்தைப் பாத்திருந்தா அப்படிக் கேட்டிருக்கமாட்டேன். என்னைத் திட்டு. ஆனா இதை உள்ள எடுத்துக்கோ. அவனுக்காக எடுத்துக்கோ."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. பூட்ஸை வாசலிலேயே வைத்துவிட்டு இறங்கினாள்.

தேர்தல் முடிந்த மறுநாள் காலை. வெலிச்கா ஜன்னல் கதவைத் திறந்து, புது விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். இடதுகால் நுனியில் ஒட்டுப்போட்ட பூட்ஸ் ஜன்னல் முன்னால் வந்து நின்றது. முட்டி இப்போது மடங்கும், மீசை தெரியும் என்று முகத்தை நீட்டிக் காத்திருந்தாள்.

மடங்கவில்லை.

"சிகரெட்," என்றது குரல், உயரத்திலிருந்து.

குனியாதவனுக்கு ஒண்ணும் கிடையாது என்று அவள் சொல்லவில்லை. ஜன்னல் வழியாகத் தோள் வரைக்கும் வெளியே வந்து, எவ்வளவு எட்டுமோ அவ்வளவு சிகரெட்டோடு கையை மேலே நீட்டினாள்.