எப்பவும் பச்சை

கடலில் தொலைந்துபோகக்கூடிய ஆள் இன்னும் மாம்புரியில் பிறக்கவில்லை. இதை ஐந்து நாட்டு அதிகாரிகளுக்கு முன்னால், நெஞ்சில் கைவைத்து, சிரிக்காமல் சொன்னவர் என்னுடைய மாமா முபாரிஸ். கெம்பஸ் லீவில் வந்திருந்த என்னை மொழிபெயர்க்கப் பிடித்துப் போட்டிருந்தார்கள். நான் அதை ஆங்கிலத்தில் "இவர் நன்றாக நீந்துவார்" என்று சொன்னேன். அதிகாரிகள் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள். தான் அவ்வளவு நீளமாகச் சொன்னது இவ்வளவுதானா என்று மாமா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

அது மாசி மாதத்து வெள்ளிக்கிழமை காலை. கடற்கரையில் வெள்ளைப் பந்தல், பந்தலுக்குள் மேடை, மேடைக்குப் பின்னால் மூன்று மொழியிலும் பனர். தமிழ் வரியில் "கடல் பாதுகாப்பு, பாதுகாப்பு மற்றும் நிலைபேற்றுக்கான பிராந்திய ஒத்துழைப்பு" என்று இருந்தது. ஆங்கிலத்தில் அவை இரண்டு வேறு சொற்கள். தமிழாக்கியவர் ஒன்று தவறினாலும் மற்றது இருக்கட்டும் என்று விட்டிருக்கலாம். வந்தவர்களின் படத்தில் பின்னால் கடல் விழவேண்டும் என்று கதிரைகள் எல்லாம் கடலுக்கு முதுகு காட்டிப் போடப்பட்டிருந்தன. ஒவ்வொரு கதிரையிலும் ஒரு குட்டித் தண்ணீர்ப் போத்தல். சமுத்திரத்தில் பிளாஸ்டிக் சேர்வதைப் பற்றி ஒருவர் முக்கால் மணி நேரம் பேசினார். அந்த முக்கால் மணி நேரத்துக்குள் வெறும் போத்தல்கள் காற்றில் உருண்டு சமுத்திரத்தில் சேர்ந்தன. நான் பதினொன்றைத் துரத்திப் பிடித்தேன். மற்றவை இப்போது பிராந்தியத்துக்குச் சொந்தம்.

நிகழ்ச்சியின் முக்கியமான அங்கம் ஒத்திகை. கடலில் ஒரு ஆள் விழுந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, ஐந்து நாடும் சேர்ந்து அவரைத் தேடிக் கண்டுபிடித்துக் கரை சேர்க்கவேண்டும். இதற்கென்று வெளிநாட்டிலிருந்து ஒரு ரப்பர் பொம்மை அனுப்பியிருந்தார்கள். பொம்மையின் கடதாசிகள் சரியில்லை என்று அது துறைமுகத்திலேயே நின்றுவிட்டது. திட்டத்தின் இணைப்பாளர் ஷானிகா, சிலாபத்துப் பிள்ளை, மீனவர் சங்கத்தில் வந்து நீந்தத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டாள். சங்கத் தலைவர் மனுவேல் அண்ணன் யோசிக்கவே இல்லை, மாமாவின் பெயரைச் சொல்லிவிட்டார். மூழ்குகிற பாகத்துக்கு, மூழ்கவே தெரியாத ஆளைப் பிடித்துக் கொடுப்பது வேறு ஊர்களில் பிழையாக இருக்கலாம். எங்கள் ஊரில் அது மரியாதை. றஹ்மா மாமி, கடலில் குதிக்கப் போகிற மனிசனுக்கு சேர்ட் அயன் பண்ணிக் கொடுத்திருந்தாள்.

அந்தத் திட்டம் ஊருக்குக் கொடுத்தவற்றில் உடையாமல் மிஞ்சியிருந்தது ஒரு பலகை. இரண்டு மாதத்துக்கு முன் சங்கத்து ஆட்கள் வலையும் எஞ்சினும் வைக்கிற வாடியின் வெளிச்சுவரில் அடித்தார்கள். கடலுக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு ஆணி, ஆணியில் பெயர் எழுதிய பிளாஸ்டிக் வட்டம். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. போகும்போது சிவப்பாகத் திருப்பவேண்டும், வந்ததும் பச்சையாக்கவேண்டும். எத்தனை பேர் கரையில், எத்தனை பேர் கடலில் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். முதலில் எல்லாரும் சிரித்தார்கள், பிறகு ஒவ்வொருவராகத் திருப்பத் தொடங்கினார்கள். மாமா மட்டும் தொடவில்லை. ஒருநாள் வாடி வாசலில் நின்று, ஆட்கள் கேட்கும்படி சொன்னார்.

"நான் எங்க இரிக்கேன்டு பலகைக்குச் சொல்லணுமா? பொண்டாட்டிக்கே சொல்றதில்ல."

நல்ல சிரிப்பு. வாடிக்குப் பக்கத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த மாமி சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை. முந்தைய வருடம் எஞ்சின் நின்று மாமா இரண்டு நாள் இழுபட்டுப் போனார். தூத்துக்குடிப் படகு ஒன்று கண்டு, பிஸ்கட்டும் தண்ணீரும் கொடுத்து, எல்லை வரைக்கும் கட்டி இழுத்துவந்து விட்டது. அதற்கு அப்போது யாரும் பிராந்திய ஒத்துழைப்பு என்று பெயர் வைக்கவில்லை. அந்த இரண்டு நாளும் மாமி எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பது என்றுகூடத் தெரியாமல் நின்றாள், ஏனென்றால் மாமா தெற்கே போனாரா வடக்கே போனாரா என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. மாமாவைக் கேட்டால், அது தொலைந்தது இல்லை, சும்மா இந்தியாப் பக்கம் போய்வந்தது.

ஒன்பதரைக்கு மனுவேல் அண்ணன் மாமாவைக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் கொண்டுபோய், செம்மஞ்சள் மிதவைக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு வந்தார். மாமா உயிர்காப்பு ஜக்கெட் போட்டிருந்தார். பக்கத்தில் ஒரு போட்டும் நிற்கக்கூடாது, நின்றால் ஒத்திகை உண்மை மாதிரி இருக்காது என்று உத்தரவு. பத்து மணிக்கு மீட்பார்கள்.

பத்து மணிக்கு இரண்டாவது நாடு பேசிக்கொண்டிருந்தது. பத்தரைக்கு மூன்றாவது நாடு, இரண்டாவது நாடு சொன்னதை வழிமொழிந்தது. நான் மொழிபெயர்த்தபடியே ஷானிகாவைப் பார்த்தேன், ஷானிகா மணிக்கூட்டைப் பார்த்தாள், மணிக்கூட்டை வைத்து அவளால் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. நேரத்தின் பெறுமதி பற்றி ஐந்தாவது நாடு பேசியது. மேடைக்கு மேலால் காற்றாலைகள் ஆறுதலாகச் சுற்றின. பதினொன்றேகாலுக்குக் கொடி அசைந்தது. இரண்டு ரப்பர் படகு, ஒரு பெரிய படகு, வானத்தில் ஒரு ட்ரோன், எல்லாம் சீறிக்கொண்டு போயின. கதிரைகள் எல்லாம் முதல் தடவையாகக் கடல் பக்கம் திரும்பின.

கரையில் இருந்த ரேடியோவில் முதலில் வெறும் இரைச்சல். பிறகு ஒரு குரல் ஆங்கிலத்தில் ஒரு வரி சொன்னது. பெண்கள் கூட்டத்திலிருந்து மாமி எனக்குக் கிட்ட வந்து நின்றாள்.

"என்னவாம் மகன்?"

அன்று காலையிலிருந்து எல்லாப் பெரிய சொல்லையும் நான் சின்னதாக்கித்தான் சொல்லி வந்தேன். இது ஏற்கெனவே சின்னதாக இருந்தது. மிதவையில் ஜக்கெட் கட்டியிருக்கு என்று சொன்னேன்.

"ஆள்?"

நான் கையை நீட்டி மிதவையைக் காட்டினேன்.

அதற்குப் பிறகு ஒத்திகை என்ற சொல்லை யாரும் பாவிக்கவில்லை. மனுவேல் அண்ணன் செருப்பையும் கழற்றாமல் போட்டில் பாய்ந்தார். பதினான்கு போட்டுகள் இறங்கின. ஜும்ஆத் தொழுகைக்குப் போக வெள்ளை உடுத்தி நின்றவர்களும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்கள். தேடுகிற இடத்தை எப்படிப் பங்கிடுவது என்று பந்தலில் ஐந்து நாடும் வரைபடத்தை விரித்தன. வரைபடம் காற்றில் பறக்காமலிருக்க நாலு மூலையிலும் தண்ணீர்ப் போத்தல் வைத்தார்கள். மாமி அழவில்லை. மணலில் ஒரே இடத்தில் நின்றாள். இந்தத் தடவை எந்தப் பக்கம் பார்ப்பது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, மிதவையையே பார்த்தாள்.

அப்போதுதான் ஷானிகா வாடிச் சுவரைக் கண்டாள். ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்து மாமியின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அண்ணன்ட வட்டம் பச்சையில இருக்கு. கரைக்கு வந்திருக்கார்."

மாமி அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை.

"அது எப்பவும் பச்சைதான், மகள்."

பலகை போட்ட இந்த இரண்டு மாதத்தில், மாமா கடலில் என்று எல்லாரும் நினைத்திருந்த நேரத்தில் அந்தப் பச்சை உண்மையைச் சொன்னது அன்றைக்கு மட்டும்தான் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பதினொரு மணி வரைக்கும் மாமா காத்திருந்தார். வெயிலைப் பார்த்தார். ஜும்ஆ தப்பப் போகிறது என்று விளங்கியது. ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு நீந்துவது அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு ஓடுகிற மாதிரி. அரசாங்கச் சாமான் என்பதால் அதை மிதவையில் இறுக்கி, இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார். நீரோட்டத்தோடு சாய்ந்து, காற்றாலைகள் நிற்கிற கரை வளைவுக்கு அந்தப் பக்கம் ஏறி, தென்னந்தோட்டத்துக்குள்ளால் வீட்டுக்குப் போனார். வீட்டில் ஒருவரும் இல்லை, எல்லாரும் அவரைப் பார்க்கக் கடற்கரைக்கு வந்திருந்தோம். குளித்து, உடுத்து, அத்தர் பூசிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய், தொழுகை வரிசையில் மூன்றாவது சஃப்பில் உட்கார்ந்தார்.

பள்ளியில் நடந்ததை, அங்கே பாங்கு சொல்கிற மோதினார் சொன்னார். தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும் ஒருவர் வந்து காதில் ஏதோ சொல்ல, மோதினார் மைக்கை எடுத்து, முபாரிஸைக் கடலில் காணவில்லை, போட் உள்ளவர்கள் உடனே கரைக்கு வாருங்கள் என்று அறிவித்திருக்கிறார். பள்ளி முழுவதும் மூன்றாவது சஃப்பைத் திரும்பிப் பார்த்தது. மாமாவும் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தாராம்.

அவர் கரைக்கு வந்தபோது கூட்டம் விலகி வழிவிட்டது. தலைமயிர் இன்னும் காயவில்லை, அத்தர் மணந்தது. யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். ஷானிகா மணலில் உட்கார்ந்துவிட்டாள். மாமா தன்னுடைய நியாயத்தைச் சொல்ல வாயைத் திறந்தார்: பதினொன்னாகியும் ஒருத்தனும் வரல்ல, பிறகு நான் என்ன செய்ய. மாமி அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தரம் பார்த்தாள், சாமான் வாங்கும்போது முழுதாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. மிதவையிலிருந்து அவிழ்த்து வந்து மேசையில் போட்டிருந்த, தண்ணீர் வடிகிற ஜக்கெட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இத அவங்கள்ட்ட ஒப்படைச்சிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

பின்னேரம் திட்ட அறிக்கைக்கு நான்தான் தமிழ் பார்த்தேன். பாதிக்கப்பட்டவர் மூன்று மணித்தியாலத்துக்குள் நல்ல உடல்நலத்துடன் கண்டுபிடிக்கப்பட்டார் என்று இருந்தது. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஒத்திகை வெற்றி. அடுத்த வருடமும் வருவார்களாம்.

மூன்று நாள் மாமி மாமாவுக்குச் சோறு வைத்தாள், கறி வைத்தாள், பேச்சு வைக்கவில்லை. மாமா முதல் நாள் பகிடி விட்டுப் பார்த்தார். இரண்டாம் நாள், பள்ளியில் ஊரே திரும்பிப் பார்த்த கதையைச் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் நாள், கெம்பஸ் எப்போது தொடங்குகிறது என்று என்னிடம் நாலு தரம் கேட்டார். வீட்டில் அவருக்குக் கதைக்க வேறு ஆள் இல்லை.

திங்கட்கிழமை விடியலில் மாமி பாணும் சம்பலும் சுற்றி என் கையில் தந்து, கொண்டுபோய்க் குடு என்றாள். யாருக்கு என்று சொல்லவில்லை. நான் போனபோது மாமாவும் மனுவேல் அண்ணனும் போட்டைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். முழங்கால் தண்ணீரில் மாமா நின்றார்.

"கத்திய வாடியில வெச்சிட்டேன் போல," என்று ஒருவரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

கத்தி அவருடைய இடுப்பில் இருந்தது. மனுவேல் அண்ணனும் அதைக் கண்டார். என்னைப் பார்த்தார், பிறகு இருவரும் வேலை இருக்கிற ஆட்கள் மாதிரி கடலைப் பார்த்தோம். மாமா திரும்பி வந்து பார்சலை வாங்கி, ஏறி, எஞ்சினை இழுத்தார்.

போட் சின்னதாகும்வரை நின்றுவிட்டு வாடிக்குப் போனேன். பலகையில் அன்று கடலுக்குப் போன எல்லாருடைய வட்டமும் சிவப்பு. ஆனால் இரண்டு மாதத்து வெயில் பட்டு அவை வெளிறி, ரோஸாகிக் கிடந்தன. நடுவில் ஒன்று மட்டும், இத்தனை நாளும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததால், கடையிலிருந்து இப்போதுதான் எடுத்த மாதிரி கடுஞ்சிவப்பாக இருந்தது.

கருவாட்டுக் கூடையோடு மாமி வந்தாள். கூடையை இறக்காமலே நின்று பார்த்தாள். கடற்காற்று அடித்தது, வட்டங்கள் ஆணியில் ஆடின, அந்த ஒன்று பாதி திரும்பிப் பச்சையைக் காட்டப் பார்த்தது. மாமி கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, ஒற்றை விரலால் அதைச் சுவரோடு அழுத்திப் பிடித்தாள். காற்று நின்ற பிறகும் விரலை எடுக்கவில்லை.